சீன மொழியில் நிமிர்ந்து நிற்பது எப்படி?

"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் கொடும்மா, கவிதை மட்டும் வேண்டாம், கவிதை இருபத்தெட்டு வந்து கிடக்குது" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். எனக்குக் கவிதை எழுத வராது. ஆகவே அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. எனக்குத் தெரிந்த ஒரே சங்கதி, இரண்டு பருவமாக மாலை வகுப்பில் நான் மாரடித்துக்கொண்டிருக்கும் சீன மொழி. அதிலும் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உடம்பை நேராக வைத்துக்கொள்வதற்கும், ஒழுக்கமாக நடந்துகொள்வதற்கும் சீனர்கள் வைத்திருக்கும் சொற்கள்தான் அந்த மூலை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது ஜொகூர் மாநிலத்து மூவார். மரத்தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அப்பா அங்கே ஒரு சீனர் பட்டறையில் இருபத்து மூன்று வருடமாகப் பலகை தூக்குகிறார். "தவுக்கே பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது, உனக்காவது முழுசாப் புரியட்டும்" என்று சொல்லி என்னைச் சீன ஆரம்பப் பள்ளியில் சேர்த்தவரும் அவர்தான். தமிழை அம்மாவிடமும் கோயில் வகுப்பிலும் கற்று எஸ்பிஎம் தேர்வில் எழுதினேன். (எழுத்துப் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான்.

இங்கே பதிவு நாளன்று அப்பா என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பலகை சுமந்து சுமந்து அவருக்கு முதுகு கூனிவிட்டது. மற்றவர்களின் அப்பாமார்கள் காரிலிருந்து இறங்கி நேராக நடந்தார்கள். நான் அப்பாவுக்கு நாலடி முன்னால் போனேன். வேண்டுமென்றுதான் போனேன். இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் ஒரு எழுத்து. "ஜெங்" என்று சொல்ல வேண்டும், நாலாவது தொனியில், அதாவது குரலை மேலிருந்து தடாலென்று கீழே போட வேண்டும். சீனத்தில் ஒரே ஓசையைத் தொனி மாற்றிச் சொன்னால் வேறு சொல்லாகிவிடும். எத்தனை பேர் இதில் சறுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பது என்னைக் கேட்டால் தெரியும். ஜெங் என்றால் நேர், சரி, செம்மை. எழுதுவது மிகவும் எளிது, மொத்தம் ஐந்தே கோடு. மேலே ஒரு படுக்கைக் கோடு. அதன் நடுவிலிருந்து ஒரு நிற்கும் கோடு. வலப்பக்கம் ஒரு குட்டிப் படுக்கைக் கோடு. இடப்பக்கம் ஒரு குட்டி நிற்கும் கோடு. கடைசியில் அடியில் நீளமாக ஒரு கோடு. சுமார் கி.பி. 100-இல் ஷு ஷென் என்ற அறிஞர் தொகுத்த பழைய எழுத்து அகராதி, இதை "ஒன்று" என்ற எழுத்தும் "நில்" என்ற எழுத்தும் சேர்ந்தது என்று விளக்குகிறது. அதற்கும் முந்திய எலும்பு எழுத்துகளில் ஒரு பாதம் ஓர் இடத்தை நோக்கி நேராகப் போவது போல வரைந்திருக்கிறார்கள்.

இந்த ஐந்து கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்து ஐந்து எண்ணுகிறோம் அல்லவா? சீனர்கள், ஜப்பானியர்கள், கொரியர்கள் எண்ணும்போது ஜெங் எழுத்தை ஒவ்வொரு கோடாகப் போடுவார்கள். ஒரு எழுத்து முடிந்தால் ஐந்து. பட்டறையில் லோரியிலிருந்து பலகை இறங்கும்போது பழைய சிமெண்டுப் பையின் மீது வரிசையாக "நேர், நேர், நேர்" என்று எழுதி வைத்திருப்பதைச் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன். அப்போது அது என்னவோ மந்திரம் என்று நினைத்தேன். அத்தனையும் அப்பா இறக்கிய பலகைகள்.

உயர்நிலைச் சொற்களைப் படிக்க ஆசைப்படும் நண்பர்கள் முதலில் ஜெங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் சொந்தக்காரர்கள் தானாக வருவார்கள். இதன் பக்கத்தில் "கையில் கோல்" என்பதற்கான உறுப்பைச் சேர்த்தால் அரசியல், ஆட்சி. நோய்க் குறியின் உள்ளே வைத்தால் நோயின் அறிகுறி. எளிமையாக்கப்பட்ட எழுத்தில் "பேச்சு" உறுப்பைச் சேர்த்தால் சான்று. நாம் எல்லாரும் ராத்திரி பகலாக முட்டிமோதுகிற அந்தச் சான்றிதழுக்குச் சீனத்தில் "ஜெங்ஷூ" என்று பேர், அதற்குள்ளே ஒரு "நேர்" ஒளிந்திருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்தது "வாய்" என்ற எழுத்து. நம் வாய் அல்ல, அந்த "வாய்" என்றால் கோணல். ஜெங்கின் தலைமேல் "இல்லை" என்ற எழுத்தை உட்கார வைத்துவிட்டார்கள். நேர் இல்லை, ஆகவே கோணல். இதை விட நேர்மையாக ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நம் துறைக்கு வருகிறேன். சிவில் படிக்கும் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

அப்பாவின் பட்டறையில் ஒரு கிழத் தச்சர் இருக்கிறார். எல்லாரும் அவரை "ஷிஃபூ" என்று கூப்பிடுவார்கள், கைத்தொழில் வல்லவரை அப்படித்தான் மரியாதையாக அழைப்பது. பட்டறை முழுக்க மின்சார இயந்திரம் வந்துவிட்ட பிறகும் அவர் ஒரு மைக்கூட்டை இடுப்புப் பக்கத்திலேயே வைத்திருப்பார். "மோதோ" என்று பெயர். மரத்தால் ஆன சின்னக் கூடு, உள்ளே மையில் ஊறிய பஞ்சு, பின்னால் ஒரு ராட்டினம். ராட்டினத்து நூல் பஞ்சுக்குள் புகுந்து வெளியே வரும். நூல் முனையைப் பலகையில் குத்தி, இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் தூக்கி விட்டால் 'டப்' என்று பலகை மேல் ஒரு கறுப்புக் கோடு விழும். நம்மவர்கள் நூல் அடிப்பது போலத்தான். தச்சர்களின் குலகுரு லூ பான் இதற்கு நூலைப் பிடித்துக்கொள்ளத் தினமும் தன் தாயைக் கூப்பிட்டாராம். அவள் சிரமப்படுவதைப் பார்த்து முனையில் ஒரு கொக்கி வைத்தாராம். அதனால் அந்தக் கொக்கிக்கே "பானின் தாய்" என்று பெயர் வந்தது என்பது கதை. லூ பான் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் லூ நாட்டில் வாழ்ந்த தச்சர்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஒரு நாள் வகுப்பில் "ஒழுங்கு, கட்டுப்பாடு, நன்னடத்தை" என்ற பொருளில் "குவெய்ஜூ" என்ற சொல்லைக் கொடுத்தார்கள். சீன வீடுகளில் பிள்ளைகளைத் திட்டும்போது "உனக்குக் குவெய்ஜூ இல்லையா?" என்பது சாதாரணம், ஆரம்பப் பள்ளியில் எனக்கே விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்தால் குவெய் என்பது கவராயம், ஜூ என்பது மூலைமட்டம்! வட்டம் போடும் கருவியும் செங்கோணம் போடும் கருவியும் சேர்ந்தால் மரியாதை தெரிந்த பிள்ளை. சீனாவில் ஹான் காலத்துக் கல் சிற்பங்களில் ஆதி மூதாதையராகக் கருதப்படும் ஃபூஷி, நூவா இருவரும் நிற்கிறார்கள். ஒருவர் கையில் மூலைமட்டம், மற்றவர் கையில் கவராயம். உலகத்தையே அளந்து ஒழுங்கு பண்ணியவர்கள் என்று பொருள். நம் வரைபட வகுப்பில் கவராயத்தைத் தொலைத்துவிட்டு அடுத்தவனிடம் கடன் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

"ஜுன்ஷெங்" என்று இன்னொரு சொல். அளவுகோல், நடத்தைக்கு ஆதாரமான நெறி என்று அகராதி சொல்கிறது. பிரித்தால் ஜுன் என்பது மட்டம் பார்க்கும் கருவி, ஷெங் என்பது தச்சன் நூல். இந்த ஷெங்கை வைத்து நாலு எழுத்துத் தொடர் ஒன்று உண்டு, செய்தித்தாளில் குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்தினார்கள் என்று வருமிடத்தில் காணலாம். பலரும் "கயிற்றால் கட்டி இழுத்துப்போனார்கள்" என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏனென்றால் ஷெங் என்றால் கயிறு. உண்மையில் இங்கே அது வினைச்சொல். கோணலான கட்டைக்கு நூல் அடிப்பது போலக் கோணலான ஆளுக்குச் சட்டத்தால் நூல் அடிக்கிறார்கள். அளவைப் பட்டறையில் நாம் பிடிக்கும் மட்டக் கருவியின் பெயரில் வரும் "ஷுவெய்ஜுன்" என்பதும், "நீர்மட்டம்" என்று பொருள்படும் "ஷுவெய்பிங்" என்பதும் மனிதனின் தரத்தையும் குறிக்கும். "உன் சீன மொழியின் நீர்மட்டம் எப்படி?" என்றுதான் கேட்பார்கள். என்னுடையது கணுக்கால் அளவு.

"ஃபாங்" என்றால் சதுரம். சதுரமும் நேரும் சேர்ந்த "ஃபாங்ஜெங்", வளைந்து கொடுக்காத யோக்கியன். வட்டமும் வழுவழுப்பும் சேர்ந்த "யுவான்ஹுவா", எல்லாரிடமும் நழுவுகிற ஆசாமி. ஆனால் சீனர்களுக்கு வட்டம் என்றாலே கெட்டது என்று எண்ணிவிடக் கூடாது. குடும்பம் ஒன்றுகூடுவதற்கு வட்டம்தான் அடையாளம், பெருநாள் சாப்பாட்டு மேசை வட்டம், நிலாப் பண்டிகைப் பலகாரம் வட்டம். வழுவழுப்புச் சேரும்போதுதான் கெட்டுப்போகிறது.

நம் தமிழிலும் இப்படித்தானே? நேர்மை என்பதே நேர் என்பதிலிருந்து வந்தது. கோணல் புத்தி என்கிறோம். நல்ல ஆட்சி செங்கோல், கெட்ட ஆட்சி கொடுங்கோல், அதாவது நேரான கோல், வளைந்த கோல். ஆகவே தமிழ் தெரிந்தவனுக்கு இந்தச் சீனச் சொற்கள் பாதி வழி வந்து நிற்கின்றன. மனப்பாடம் செய்கிறவர்கள் இந்தப் பாதி வழியை விட்டுவிடாதீர்கள்.

"ஜி" என்ற எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். இதற்கும் பொருள் நேர்தான், கோடு போன்ற நேர். பழைய வடிவத்தில் ஒரு கண்ணும் அதன் மேல் ஒரு நேர்கோடும் இருக்கின்றன. ஷிஃபூ பலகையை முகத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஓரத்தைப் பார்ப்பாரே, அதே காட்சி. ஜெங்கும் ஜியும் சேர்ந்த "ஜெங்ஜி" நேர்மையானவன். இந்த ஜிக்குக் கீழே இதயத்தை வைத்து எழுதினால் அதுதான் "தெ" என்ற எழுத்தின் ஒரு பழைய வடிவம். தெ என்றால் அறம். இன்றைய எழுத்தில் பக்கத்தில் நடைக்கான உறுப்பும் சேர்ந்திருக்கிறது. கண், கோடு, இதயம், நடை, நாலும் அதற்குள் இருப்பது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பதினைந்து கோடு எழுத்து மறக்கவே இல்லை. அதற்கு முன்னால் பதினைந்து தடவை மறந்திருப்பேன்.

இனி உட்காருவது. "ஸுவோ" என்றால் உட்கார். எழுத்தில் மண்ணின் மேல் இரண்டு மனிதர்கள். முற்காலத்தில் சீனாவில் நாற்காலி கிடையாது, பாயில்தான் உட்கார்ந்தார்கள். நாற்காலி பரவலாக வழக்கத்துக்கு வந்தது சொங் வம்சக் காலத்தில், அதாவது கி.பி. 960-க்குப் பிறகு. அதற்கு முன் முறையாக உட்காருவது என்றால் முழங்காலை மடக்கிக் குதிகாலின் மேல் உட்காருவது. காலை முன்னால் விரித்து நீட்டி உட்கார்ந்தால் பெரிய அவமரியாதை. அதற்கு அவர்கள் வைத்த பெயரில் முறம் இருக்கிறது! முறம் போலக் காலை விரித்து உட்காருகிறான் என்று. எங்கள் பாட்டி இருந்திருந்தால் இதைக் கேட்டுக் கைதட்டியிருப்பாள்.

மரியாதையாக உட்காருவதற்கு "ஜெங்ஜின் வெய்ஸுவோ" என்ற நாலு எழுத்துத் தொடர் உண்டு. உயர்நிலைச் சொற்களில் இப்படிப்பட்ட "செங்யூ"க்கள்தான் பாதி உயிரை வாங்கும். முதல் இரண்டு எழுத்து, சட்டையின் முன்மடிப்பைச் சரிசெய்வது. அடுத்து வரும் "வெய்" இன்றைக்கு அபாயம் என்ற பொருளில்தான் வழங்குகிறது. அபாயமாக உட்காருவதா என்று நான் குழம்பினேன். அந்தக் காலத்தில் வெய் என்றால் உயரம், நிமிர்வு. உயரமான இடம் அபாயம்தானே, பொருள் அந்த வழியில் போயிருக்கிறது. சிமா சியென் எழுதிய வரலாற்று நூலில் ஒரு காட்சி வருகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இரண்டு அரசு அதிகாரிகள் சந்தையில் குறி சொல்லும் ஒருவரைப் பார்க்கப் போகிறார்கள். முதலில் இளக்காரமாகத்தான் போகிறார்கள். அவர் பேசப் பேசத் தங்களை அறியாமல் உடையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தச் சொல் பிறந்தது அங்கேதான். சந்தையில் உட்கார்ந்து பிழைக்கிற ஒரு ஏழைக்கு முன்னால் அதிகாரிகள் நிமிர்ந்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு பழமொழி எல்லாச் சீனப் பிள்ளைகளுக்கும் தெரியும். மணி போல உட்கார், பைன் மரம் போல நில், காற்றுப் போல நட, வில் போலப் படு. இங்கே மணி என்பது நம் கோயிலில் ஆடும் சின்ன மணி அல்ல, ஆடாமல் அசையாமல் கனத்துக் கிடக்கும் பெரிய வெண்கல மணி. தற்காப்புக் கலை வகுப்பிலும் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். படுக்கும்போது மட்டும் வளையலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்!

"துவான்ஜெங்" என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இதுதான் உயர்நிலைப் பாடத்தில் மிகவும் பயன்படும் சொல். உட்காரும் விதம் துவான்ஜெங், கையெழுத்து துவான்ஜெங், நடத்தை துவான்ஜெங், எல்லாவற்றுக்கும் வரும். "உன் மனப்பான்மையைத் துவான்ஜெங் செய்" என்று ஆசிரியர் சொன்னால் அசைந்து கொடுக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதுவரைக்கும் சரி. ஆனால் சீனாவில் வேலை விளம்பரங்களில் "ஐம்பொறி துவான்ஜெங்" என்று கேட்பதும் நடந்திருக்கிறது. அதாவது முகம் லட்சணமாக இருக்க வேண்டும். கல்யாண விளம்பரத்தில் குணமும் முகமும் ஒரே துவான்ஜெங்கில் அடங்கிவிடும். முகம் நேராக இருந்தால் குணமும் நேர் என்று மொழியே சாட்சி சொல்வது போல ஆகிவிடுகிறது. அப்படியென்றால் முகம் அம்மைத் தழும்பானவன், கால் சூம்பியவன், முதுகு கூனியவன் எல்லாம் எங்கே போவது? இந்த இடத்தில்தான் எனக்குப் பதிவு நாள் ஞாபகம் வந்து உறுத்த ஆரம்பித்தது. நாலடி முன்னால் நடந்தவளும் அப்பாவை அந்த விளம்பரக்காரர்கள் மாதிரிதானே பார்த்தாள்?

போன பருவத்து வாய்மொழித் தேர்வில் "என் குடும்பம்" என்று தலைப்பு விழுந்தது. அப்பாவைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே அகராதியைப் புரட்டி வைத்திருந்தேன். "அப்பா எங்களுக்காக இருபத்து மூன்று வருடம் இடுப்பை வளைத்தார்." இடுப்பை வளைப்பதற்கு அகராதியில் "ஜெயாவ்" என்று ஒரு சொல் கிடைத்தது. இலக்கியத்தனமாக வேறு இருந்தது. மதிப்பெண் கூடும் என்று அதையே எடுத்துவிட்டேன். சொன்னதும் விரிவுரையாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உன் அப்பா யாரிடம் போய்க் குழைந்தார்?" என்று கேட்டார்கள். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. தேர்வுத் தாளில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

அந்தச் சொல்லின் கதை பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாவ் யுவான்மிங் என்ற பெருங்கவிஞர் கி.பி. 405-இல் பெங்ஸ என்ற சிற்றூரில் அதிகாரியாக இருந்தார். மேலிடத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வருகிறார், இடைக்கச்சை கட்டிக்கொண்டு போய் வணங்கி வரவேற்க வேண்டும் என்றார்கள். ஐந்து மரக்கால் போல அளந்து தருகிற அரிசிச் சம்பளத்துக்காக இப்படிப்பட்ட ஆளுக்கு இடுப்பை வளைக்க மாட்டேன் என்று முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பதவியில் இருந்தது எண்பது நாள் சொச்சம். அன்றிலிருந்து ஜெயாவ் என்றால் சோற்றுக்காக மானத்தை விடுவது என்று ஆகிவிட்டது. நான் அப்பாவைப் புகழ்வதாக நினைத்து அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வார விடுமுறையில் ஊருக்குப் போனபோது பட்டறையில் ஷிஃபூவிடம் கேட்டேன். "அங்கிள், ஜெயாவுக்கும் வான்யாவுக்கும் என்ன வித்தியாசம்?" அவர் வீட்டில் ஹொக்கியேன் பேசுகிறவர், என்னிடம் மட்டும் மாண்டரின். வாயால் விளக்கம் சொல்லவில்லை. கீழே கிடந்த மெராந்திப் பலகையைக் குனிந்து தூக்கி மேசையில் வைத்தார். "இது வான்யாவ்." பிறகு இல்லாத ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்து, பல்லைக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டி இடுப்பை மடக்கினார். "இது ஜெயாவ்." அப்பாவும் மற்ற ஆட்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் கைகளைப் பக்கத்தில் வைத்து, மேல் உடம்பை மட்டும் மெதுவாகத் தாழ்த்தி நிமிர்ந்தார். "இது ஜூகுங்." மரியாதை வணக்கம். "பார்க்க மூணும் ஒண்ணுதான் மெய்மெய், யாருக்கு, எதுக்கு என்று பார்க்கணும்."

எனக்கு அதற்குப் பிறகு இந்தக் குனியும் சொற்களைத் தேடிப் பிடிப்பதே வேலையாகிவிட்டது. தலையாட்டி இடுப்பை மடக்குவதற்கு "தியென்தோ ஹாயாவ்", ஷிஃபூ நடித்துக் காட்டியது அச்சு அசலாக அதுதான். உடம்பைத் தாழ்த்தி முழங்காலை மடிப்பது "பெய்குங் சூஷி", அடிமைத்தனம். இவை எல்லாம் வசவு. ஆனால் அதே "குங்" என்ற எழுத்து, அதாவது உடம்புக்குப் பக்கத்தில் வில்லை வைத்து எழுதும் எழுத்து, "ஜூகுங் ஜின்சுவெய்" என்பதில் வரும்போது தலைகீழாகிவிடுகிறது. உடம்பு வளைய, களைத்துத் தேயும் வரைக்கும் கடமையைச் செய்தவர் என்று பொருள். மூன்று அரசுகள் காலத்தில் ஷூ நாட்டு முதலமைச்சராக இருந்து, கி.பி. 234-இல் போர்க்களத்துப் பாசறையிலேயே இறந்துபோன சூகெ லியாங்கின் பெயரோடு சேர்ந்த சொல் இது. இவ்வளவு பெரிய மரியாதை நேராக நின்றவனுக்குக் கூட எளிதில் கிடைக்காது.

"மாய்தோ" என்று ஒன்று, தலையைப் புதைத்து வேலை செய்வது. "ஜீலியாங்" என்றால் முதுகெலும்பு. லூ ஷுன் 1934-இல் ஒரு கட்டுரையில் சீனாவின் முதுகெலும்பு யார் யார் என்று சொல்லிக்கொண்டு போகும்போது, இப்படித் தலையைப் புதைத்துப் பாடுபடுகிறவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். குனிந்திருப்பவன் முதுகெலும்பாவது எப்படி என்று எழுத்தை மட்டும் பார்த்தால் புரியாது.

மறுதேர்வு என்று ஒன்று வைப்பார்கள் அல்லவா, அதற்கு ஜூகுங் ஜின்சுவெய்யை அப்பாவுக்குப் போடலாமா என்று ஷிஃபூவிடம் கேட்டேன். "உன் அப்பா என்ன பிரதம மந்திரியா? அது செத்துப்போன தலைவருக்குப் போடுறது. உயிரோட இருக்கிற ஆளுக்குப் போட்டுப் பயமுறுத்தாதே" என்றார். "யாவ்கான்" என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். யாவ் என்றால் இடுப்பு, கான் என்றால் கம்பு. இடுப்புக்குள் ஒரு கம்பு நிற்பது போலச் சொல்வது. யாவ்கானை நேராக வைத்திருப்பவன் யாருக்கும் குழையாதவன், அவன் வெளியே எப்படி வளைந்திருந்தாலும் சரி. தவுக்கே ஒரு தடவை கணக்கில் பலகையைக் குறைத்துப் போட்டபோது, அப்பா சிமெண்டுப் பையில் இருந்த ஜெங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிச் சம்பளத்தை வாங்கி வந்தது எனக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர், அந்த ஓர் எழுத்து மட்டும் தெரியும்.

ஆகவே மறுதேர்வில் இப்படிச் சொன்னேன்: "என் அப்பாவின் முதுகு வளைந்துவிட்டது, யாவ்கான் வளையவில்லை." விரிவுரையாளர் அம்மா தலையாட்டினார்கள். பத்துக்கு ஒன்பதரை. அரை மதிப்பெண் எங்கே போனது என்று கேட்டேன். முதுகுக்குச் சீனத்தில் "பெய்", நாலாவது தொனி, குரல் கீழே விழ வேண்டும். அதே எழுத்தை முதல் தொனியில், குரலைச் சமமாக வைத்துச் சொன்னால் முதுகில் சுமப்பது என்று ஆகிவிடும். நான் பதற்றத்தில் சமமாகச் சொல்லிவிட்டேன். முதுகு என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுமை என்று விழுந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே எழுத்தா? அப்புறம் எதுக்கு மார்க்கைக் குறைச்சாங்க?" என்று கேட்டார்.